தண்ணீர் இறங்கினால் தெரியும் கோயில்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில், மலையடிவாரத்து நல்லதண்ணி ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிறவர்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை அந்தப் பாதையில் இதே கூட்டம்தான். நானும் நாலைந்து தடவை போயிருக்கிறேன். மஸ்கெலியாவில் பஸ் நின்றால் ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். ஊரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் பங்குனியில் அம்மா பிடிவாதமாக அங்கேயே இறங்கச் சொன்னார். "தண்ணி வத்திருச்சாம் தம்பி, பழைய கோயில் தெரியுதாம். எனக்குக் காது குத்துன எடம்."

இப்போதிருக்கும் மஸ்கெலியா மேட்டில் கட்டிய ஊர். பழைய டவுன் 1960களின் கடைசியில் மவுசாகலை அணைக்காக நீருக்குள் போய்விட்டது. கடையும் தெருவும் போன அதே தண்ணீரில் முருகன் கோயில், பள்ளிவாசல், பௌத்த விகாரை மூன்றும் ஒன்றாக மூழ்கின. மழை குறைந்து நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷங்களில் மட்டும் அவை தலைகாட்டும்.

ரோட்டிலிருந்து இறங்கினோம். மேலே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கரையோரத்தில் காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுக்கும். உள்ளூர்ப் பையன் ஒருவன் முன்னால் நடந்து வழி காட்டினான். யாராவது போவதாக இருந்தால் இப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டே இறங்குங்கள்.

கூரை இல்லை. சேறு படிந்த சுவர்கள், ஒரு வாசல். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பக்கத்தில் சிலர் செருப்போடு சுவரில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. "சாமி மேல டவுனுக்குப் போயிருச்சு, அவுங்களுக்கு என்ன தெரியும்" என்றார்.

காற்றில் சூடம் நிற்கவில்லை. நாலு தீக்குச்சி வீணானபிறகு வாசல் மூலையில் என் சாரத்தை மறைப்பாகப் பிடிக்க, ஒருவழியாகப் பற்றியது. அம்மா எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன்.

"மழை பெய்யணும்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை பெய்தால் முதலில் மூழ்குவது இந்தக் கோயில்தானே! ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறு என்ன வேண்டத் தோன்றும்? மழை இல்லாவிட்டால் கொழுந்து இல்லை, கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். கென்யன் மின்நிலையத்துக்குப் போவதும் இந்தத் தண்ணீர்தான்.

அப்புறம் மேலே ஏறி, புது டவுன் சண்முகநாதர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். குழாயடியில் காலைக் கழுவக் கழுவச் சேறு வந்துகொண்டே இருந்தது. கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். அன்றைக்கு மேகம் இல்லை, சிவனொளிபாதமலை உச்சி தெளிவாகத் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி, ஏறவேண்டும் என்று சொல்லவில்லை.

சித்திரை கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. போனில் அதைச் சொன்னபோது அம்மா கேட்டார்: "நம்ம எலுமிச்சம்பழம் இந்நேரம் மெதந்து எங்க போயிருக்கும்?"