மதர்போர்டை மாற்றினால் உரிமம் எங்கே போகும்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடியப்போகிறது என்ற அறிவிப்பு திரையில் வரும்போதெல்லாம் மூடிவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் இனித் தள்ளிப்போட முடியாது என்று உட்கார்ந்தேன். என் மேசைக் கணினி 2017இல் உதிரிபாகங்கள் வாங்கிச் சேர்த்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் தரும் செயலியை ஓட்டினேன். நினைவகத்துக்குப் பச்சைக் குறி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லுக்குப் பச்சைக் குறி, கணினி எழும்போதே காவல் காக்கும் செக்யூர் பூட்டுக்கும் பச்சைக் குறி. புராசசருக்கு மட்டும் சிவப்பு. என்னுடையது இன்டெல் ஏழாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் பட்டியலோ, ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணில் தவறியவனின் மனநிலை எனக்கு.

எட்டாம் தலைமுறைப் புராசசர் ஒன்றை மட்டும் வாங்கிச் செருகிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. உட்காரும் இடம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பாகங்களையெல்லாம் தாங்கும் பழைய மதர்போர்டு புதிய புராசசரை ஏற்காது. ஆகவே போர்டும் மாற வேண்டும். தகுதிச் சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழிகள் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையை அப்படித் தொடங்க மனம் வரவில்லை. 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொள்ளும் வழியும் இருந்தது. ஓராண்டு கழித்து இதே மேசையில் இதே கவலையோடு உட்கார வேண்டுமே என்று அதையும் விட்டேன்.

போர்டை மாற்றுவது என்று முடிவான பிறகுதான் உரிமத்தின் நினைவு வந்தது. 2017இல் விண்டோஸ் 10 ஹோம் பதிப்பைப் பெட்டியாகக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். உள்ளே ஒரு பென் டிரைவும், கீ எனப்படும் 25 எழுத்து உரிமக் குறியீடு அச்சிட்ட அட்டையும் இருந்தன. அந்தப் பெட்டி வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. நண்பர்கள் இருவரிடம் கேட்டேன். "போர்டை மாற்றினால் விண்டோஸ் போய்விடும், புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்றார் ஒருவர். "ஒன்றும் ஆகாது, நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன்" என்றார் இன்னொருவர். இருவரும் சொன்னது சரி என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. முதல் நண்பருடையது கணினியோடு சேர்ந்தே வந்த ஓ.இ.எம். உரிமம். அது அந்த மதர்போர்டோடு பிறந்து அதோடே முடிவது. அதே கணினியில் பழுதான போர்டை உத்தரவாதத்தின் பேரில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் மட்டும் தொடரும். இரண்டாமவருடையது தனியாக வாங்கிய ரீட்டெய்ல் உரிமம். அதை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை.

என்னுடையது ரீட்டெய்ல்தான் என்று நினைவு சொன்னது. ஆனால் எட்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை அழித்து நிறுவியிருக்கிறேன்; எந்தக் கீயை எப்போது கொடுத்தேன் என்று யாருக்குத் தெரியும்? கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, உரிம விவரம் காட்டும் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற கட்டளையைக் கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டி.எல்.ஐ. என்று சேர்த்தேன். சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழங்காலத்துச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. முதல் வரியில் 'கோர் எடிஷன்' என்று இருந்ததைக் கண்டு பதறினேன். ஹோம் பதிப்புக்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் அதுதானாம். அடுத்த வரியில் 'ரீட்டெய்ல் சேனல்' என்ற சொற்கள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கீழே, கீயின் கடைசி ஐந்து எழுத்துகள்.

ஐந்து எழுத்துகள் போதும் என்று அப்போது தோன்றவில்லை. ஆனால் அவைதான் கைகொடுத்தன. பழைய நோட்டு ஒன்றின் பின்னட்டையில், எந்தக் குறிப்பும் இல்லாமல், மூன்று கீகளை எழுதி வைத்திருந்தேன். கடைசித் தொகுதியை ஒப்பிட்டதும் இரண்டாவது கீ பொருந்தியது. நடுவில் ஓர் எழுத்து மட்டும் புதிர். என் கையெழுத்தில் அது எஸ் போலவும் இருந்தது, 5 போலவும் இருந்தது. தேடிப் படித்தபோது ஓர் அருமையான விஷயம் கிடைத்தது. குழப்பம் வரக்கூடாது என்று விண்டோஸ் கீகளில் சில எழுத்துகளை அடியோடு விலக்கியிருக்கிறார்கள். பூஜ்யம் கிடையாது, ஓ கிடையாது. 1 கிடையாது, ஐ கிடையாது, எல் கிடையாது. 5 கிடையாது, எஸ் கிடையாது. அப்படியானால் நான் எழுதியது எஸ்ஸும் இல்லை, 5ம் இல்லை; அவசரத்தில் மேல் வளையத்தை மூடாமல் விட்ட 8ஆகத்தான் இருக்க வேண்டும். பியும் 8ம், ஜியும் 6ம் மட்டும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. இவ்வளவு யோசித்தவர்கள் அதையும் யோசித்திருக்கலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் இருக்கும் கீயைக் கண்டுபிடித்துத் தரும் சின்னச் சின்னச் செயலிகளை நம்பிப் பலர் கெட்டிருக்கிறார்கள். விண்டோஸ் 7, 8.1இலிருந்து இலவசமாக 10க்கு வந்த கணினிகளில் அந்தச் செயலி காட்டுவது எல்லோருக்கும் பொதுவான ஒரு கீ. அதைப் பொக்கிஷம் போல எழுதி வைத்துப் பயனில்லை. அந்தக் கணினிகளின் உண்மையான உரிமம், வன்பொருளின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிந்திருக்கும் டிஜிட்டல் உரிமம்.

போர்டைக் கழற்றும் முன் செய்யவேண்டிய முக்கியமான வேலை, அந்த டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைப்பது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன், அதாவது உரிமத்தைச் சரிபார்த்து ஏற்கும் பக்கத்தில், 'உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்ட டிஜிட்டல் உரிமம்' என்ற பொருளில் ஒரு வரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தேன், வந்தது. கணினியின் பெயரையும் அப்போதே மாற்றியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டு, புராசசர், நினைவகம் மூன்றையும் மாற்றினேன். பழைய டிஸ்க்கை அப்படியே பொருத்தினேன். விண்டோஸ் 10 புதிய போர்டில் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்தது. இணையம் கிடைத்த சில நிமிடங்களில் திரையின் வலது மூலையில், நிழல் போல, விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்ற இரண்டு வரிகள் வந்து உட்கார்ந்தன. எதிர்பார்த்ததுதான். ஆக்டிவேஷன் பக்கத்தில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற இணைப்பைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் என் கணக்கில் இருக்கும் கணினிகளின் பட்டியல் வரும். பழைய கணினியைத் தேர்ந்து, நான் இப்போது பயன்படுத்துவது இதுதான் என்று குறியிட வேண்டும்.

பட்டியல் வந்தது. நான்கு பெயர்கள், நான்கும் 'டெஸ்க்டாப்' என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, பொருளற்ற எழுத்துகளில் முடிந்தன. ஒவ்வொரு முறை அழித்து நிறுவியபோதும் விண்டோஸ் தானாக ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. ஒரே கணினி நான்கு பெயரில் நிற்கிறது. ஊகித்து ஒன்றைத் தேர்ந்தேன். முடியாது என்றது. இன்னொன்று. முடியாது. இப்படி மறு ஆக்டிவேஷன் செய்வதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு என்று படித்திருந்ததால், மூன்றாவதைத் தொடக் கை வரவில்லை.

நோட்டிலிருந்த கீயைக் கொடுத்தேன். சி008 என்று முடியும் ஒரு பிழை எண் வந்தது. இந்தக் கீ ஏற்கெனவே வேறொரு கணினியில் பயன்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வேறொரு கணினி என் பழைய போர்டுதான், அது உறைக்குள் அலமாரியில் கிடக்கிறது என்பதை சர்வரிடம் எப்படிச் சொல்வது? அன்று இரவு இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் கீ ஒன்றை வாங்கிவிடலாமா என்று கூட யோசித்தேன். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கீகளைச் சில்லறையாகப் பிரித்து விற்பவை. இன்று வேலை செய்யும். என்றைக்கு முடக்குவார்கள் என்று தெரியாது. சொந்தமாக ஓர் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு திருட்டுப் பொருளைத் தேடிப் போவானேன்?

தொலைபேசி வழி இருப்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. எஸ்.எல்.யு.ஐ. என்று கொடுத்து ஓர் இடைவெளி விட்டு 4 என்று சேர்த்தால் அதற்கான திரை வந்தது. திரையில் 63 இலக்கங்கள், ஏழு ஏழாக ஒன்பது தொகுதிகள். எண்ணுக்கு அழைத்தால் பதிவு செய்த குரல். மனைவி திரையைப் பார்த்துப் படிக்க, நான் தொலைபேசியில் அழுத்தினேன். ஆறாவது தொகுதியில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டேன். அந்தக் குரல் கோபமே இல்லாமல் அதே தொகுதியை மறுபடி கேட்டது. எங்கள் இருவருக்குள்தான் அது யார் பிழை என்ற தகராறு. முடிந்ததும், இந்த விண்டோஸ் எத்தனை கணினிகளில் இருக்கிறது என்று கேட்டது. ஒன்று என்றேன், உண்மையும் அதுவே. பிறகு ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள், 48 இலக்கங்களை அது சொல்ல, இம்முறை நான் திரும்பச் சொல்ல மனைவி தட்டினார். மூலையில் இருந்த இரண்டு வரிகள் மறைந்தன. மொத்தம் கால் மணி நேரம்.

இவ்வளவுக்கும் பிறகு, விண்டோஸ் 11க்கு மாறிய கதை ஒரே பத்தி. நிறுவியை ஓட்டினேன், ஒரு மணி நேரம் போல ஆனது, கீ எதுவும் கேட்கவில்லை. ஆக்டிவேட் ஆன 10, அதே பதிப்பு 11ஆக மாறும்போது உரிமம் கூடவே வந்துவிடுகிறது. ஹோம் ஹோமாகவும் புரோ புரோவாகவும்தான் வரும். அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். நான் ஒரு மாதமாகப் பயந்தது இயங்குதளத்தைப் பார்த்து. என்னைப் படுத்தியதெல்லாம் போர்டுதான்.

அடி வேறு பக்கத்திலிருந்தும் விழுந்தது. நான் பிழைப்புக்குப் பயன்படுத்தும் வரைபட மென்பொருளை இரண்டு கணினிகளில் மட்டுமே இயக்கலாம். போர்டு மாறியதும் அதன் கண்ணுக்கு இது மூன்றாவது கணினி. கழற்றும் முன் உள்ளே போய் இந்தக் கணினியிலிருந்து நீக்கு என்று ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும். விண்டோஸைப் பற்றியே கவலைப்பட்டதில் அது மறந்தது. தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, கட்டண ரசீதை இணைத்து, அவர்கள் பழைய இடத்தை விடுவிக்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களும் எனக்குச் சம்பளமில்லா விடுப்பு.

இதற்குள் நான் இந்த விஷயத்தில் நிபுணன் என்ற செய்தி குடும்பத்தில் பரவிவிட்டது. தங்கை மகள் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இது புரோ பதிப்பு. ஒரிஜினல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தது, இப்போது ஆக்டிவேட் செய் என்கிறது." பயன்படுத்திய கணினியை ஒருவரிடம் வாங்கியிருந்தாள். ஆறு மாதம் என்றதுமே சந்தேகம் வந்தது. அதே கட்டளையைக் கொடுத்தேன். சாம்பல் பெட்டியில் 'வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட்' என்று இருந்தது. நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வரை வைத்து நூற்றுக்கணக்கான கணினிகளை ஆக்டிவேட் செய்யும் முறை அது. ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாட்களுக்குத்தான் செல்லும். அதற்குள் அந்த சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் கணினி எந்த சர்வரைத் தொடும்? விற்றவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தி ஒரு மாதமாகிவிட்டது என்றாள்.

ஆனால் அந்த மடிக்கணினி விண்டோஸ் 10உடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த மாதிரி. அப்படிப்பட்டவற்றில் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே, அதாவது போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளிலேயே, பதித்துவிடுவார்கள்; முதுகில் ஸ்டிக்கர்கூட இருக்காது. கட்டளை கொடுக்கும் இன்னொரு சாளரமான பவர்ஷெல்லில் கேட்டுப் பார்த்தேன். 25 எழுத்துகள் வந்து விழுந்தன, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புக்கு உரியவை. விற்றவர் அதன் மேல் ஒரு புரோவைப் போட்டு மூடியிருக்கிறார். கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கை அழித்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவினேன். எந்தப் பதிப்பு என்றுகூட அது கேட்கவில்லை. போர்டைப் படித்துத் தானே தீர்மானித்து, இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆனது. புரோ போய்விட்டதே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். புரோவில் என்ன இருந்தது என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள்.

என் கணினிக்கு இப்போது ஒழுங்கான பெயர் வைத்து, கணக்கிலிருந்து அந்த நான்கு 'டெஸ்க்டாப்'களையும் நீக்கிவிட்டேன். கீயைப் புது நோட்டில் எழுதி, எந்தப் பதிப்பு, என்ன வகை, எந்த ஆண்டு வாங்கியது என்று பக்கத்தில் குறித்தேன். அந்த 8க்குக் கீழே எழுத்தில் 'எட்டு' என்றும் எழுதியிருக்கிறேன்.