ஸ்டீராய்டு ஊசியும் என் சிடி4-உம்

காசநோயும் எச்ஐவியும் ஒன்றாகத் தெரியவந்தபோது என் எடை 47 கிலோ, சிடி4 (எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை) 112. காலையில் எச்ஐவிக்கான டி.எல்.டி. கூட்டு மாத்திரை; காசநோய் மருந்தில் இருந்த ரிஃபாம்பிசின் அதிலுள்ள டொலுடெக்ராவிரின் அளவைக் குறைக்கும் என்பதால் இரவில் கூடுதலாக ஒரு டொலுடெக்ராவிர். ஒன்றரை வருடத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது, சிடி4 386 ஆனது. எடை மட்டும் 52-ஐத் தாண்டவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும்.

ஜிம்மில் ஒருவர், டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் தேறிவிடலாம் என்றார். அங்கே ஒரே சிரிஞ்சில் இரண்டு பேர் போட்டுக்கொள்வதும் உண்டாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எச்ஐவியும் மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களும் அப்படித்தான் பரவும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊசியின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, எச்ஐவி மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரம்மாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி மூச்சிரைப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு, அப்புறம் அக்கி வந்து துடித்ததைப் பார்த்தவன் நான். எனக்கும் எதிர்ப்பு சக்தி போய்விடுமா?

"அது பிரெட்னிசோலோன் வகை, எதிர்ப்பு சக்தியை அமுக்கும். இது ஆண் ஹார்மோன் வகை. பேர்தான் ஒண்ணு, வேலை வேறப்பா" என்றார். எச்ஐவியால் மெலிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தசை கூடியது. சிடி4-இல் பெரிய மாற்றமில்லை என்றும் சொன்னார். ஆனால் ரத்தம் பார்க்காமல் ஊசி கிடையாது.

காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், இரண்டு முறை ரத்தம் கொடுத்தேன். இரண்டிலும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு. ஹார்மோன் மருத்துவர் டெக்கா வேண்டாம் என்று, டெஸ்டோஸ்டிரோனையே மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மில்லிகிராம் எழுதினார். எண்ணெய் மருந்து, கெட்டி. சிஸ்டர் குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, மெதுவாக ஏற்றுவார். இரண்டு நாள் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது.

ஆறு மாதத்தில் 57 கிலோ. சிடி4 402. பதினாறு ஏறிவிட்டதே என்று மகிழ்ந்தேன். காலையில் எடுத்த ரத்தத்துக்கும் மாலையில் எடுத்ததற்குமே இதைவிட வித்தியாசம் வரும் என்றார் டாக்டரம்மா. சிடி4-ஐ 112-இலிருந்து தூக்கியது எச்ஐவி மாத்திரைதான், ஊசி அல்ல.

ஊசி மாற்றியது வேறு: ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 44-இலிருந்து 52 ஆனது, நல்ல கொழுப்பு 41-இலிருந்து 33-க்கு இறங்கியது. ஹெமடோக்ரிட் 54-ஐத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டுமாம். சரி என்று இப்போது நான்கு வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். படி ஏறும்போது தொடை நடுங்குவதில்லை.