24,000 வெள்ளியும் ஒரு படிவமும்

சிங்கப்பூரில் 29 ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்த என் சித்தப்பா, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தவர் அவர். வங்கிக் கணக்கை முடித்து, அதில் இருந்த 24,000 வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நோட்டுகளாகவே எடுத்து வைத்திருந்தார். அதைக் கையில் கொண்டுவரலாமா, கொண்டுவந்தால் வரி போடுவார்களா, இவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பிடுங்கிக்கொள்வார்களா என்பவையே அவருடைய சந்தேகங்கள். மூன்றுக்கும் அடியில் இருந்தது பயம் ஒன்றுதான். வங்கி வழியாகவே அனுப்பிவிட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றினாலும், பணத்தை எடுத்த பிறகு அதைச் சொல்லி அவரை மேலும் கலங்கடிக்க மனம் வரவில்லை. அவரை அழைத்துவர நானே போவதென்று தீர்மானித்தேன்.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அந்நியச் செலாவணி தொடர்பான கேள்விகளோடு வருகிறவர்களை வாரத்துக்கு இருவராவது பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சித்தப்பாவைப் போலவே, அறிவிப்பது என்றால் அனுமதி கேட்பது என்றும், அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். உச்சவரம்பு கிடையாது, பணத்துக்குச் சுங்கவரியும் கிடையாது. நோட்டுகள் மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டுகளும் பயணக் காசோலை முதலானவையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, வந்திறங்கும் விமான நிலையத்திலேயே சுங்கத்துறையிடம் நாணய அறிவிப்புப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. சித்தப்பாவின் 24,000 வெள்ளி அந்த வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போதும் ஒரு வரம்பு உண்டு. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும், மொத்த மதிப்பு 20,000 வெள்ளியைத் தாண்டினால் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2024 மே மாதத்திலிருந்து அங்கே காகிதப் படிவம் போய், பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்பும் முறை வந்துவிட்டது. அவருடைய அறையில் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பணம் யாருடையது, எப்படி வந்தது, யாருக்குப் போகிறது என்ற கேள்விகள் வந்தபோது, வங்கி கொடுத்த சீட்டை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். மடித்து மடித்துத் துணிபோல் நைந்திருந்த அந்தச் சீட்டுதான் அந்தப் பணத்துக்கு இருந்த ஒரே சாட்சி.

அறையில் இருந்த மற்றவர்களுக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் பட்டது. சித்தப்பாவையும் சேர்த்து நான்கு பேர் ஆளுக்கு ஆறாயிரமாகப் பிரித்து வைத்துக்கொண்டால், எல்லாரும் ஒரே விமானத்தில்தானே வருகிறார்கள், திருச்சியில் இறங்கி வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனால் அதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை. வங்கிச் சீட்டு சித்தப்பாவின் பெயரில் இருக்கிறது. பணமோ அதற்குச் சம்பந்தமில்லாத மூவரின் பையில் இருக்கும். அவர்களில் ஒருவரை நிறுத்தி இது யாருடைய பணம் என்று கேட்டால், உண்மையைச் சொன்னாலும் பிரித்துக் கொண்டுவந்தது வெளிப்பட்டுவிடும், பொய் சொன்னால் கணக்குக் காட்ட முடியாது. உழைத்துச் சேர்த்த பணம் அந்த இடத்திலேயே குருவிகள், அதாவது கூலிக்குக் கடத்துகிறவர்கள், கொண்டுவரும் பணமாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில், அறிவிப்பிலிருந்து தப்புவதற்காகத் தொகையைப் பிரிப்பதே தனிக் குற்றம். அங்கே ஒரு குடும்பம் சேர்ந்து பயணம் செய்து ஒரே அறிவிப்பைக் கொடுக்கும்போது, அனைவரிடமும் இருப்பதைக் கூட்டித்தான் 10,000 டாலர் வரம்பைப் பார்ப்பார்கள். தலைக்குப் பத்தாயிரம் என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த இடத்தில், அன்று அவர்களுக்குச் சொன்ன ஒரு வழக்கை இங்கும் சொல்ல வேண்டும். 1994 இல் ஹோசெப் பஜகாஜியன் என்பவர் தம் மனைவியோடும் மகள்களோடும் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் இத்தாலி வழியாகச் சைப்ரஸ் செல்லக் காத்திருந்தார். பணத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் அவர்களுடைய பெட்டிகளில் இருந்த நோட்டுக் கட்டுகளைக் கண்டுபிடித்தன. 10,000 டாலருக்கு மேல் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று அதிகாரி விளக்கிக் கேட்டபோது, தம்மிடம் 8,000 டாலரும் மனைவியிடம் 7,000 டாலரும் இருப்பதாக அவர் சொன்னார். சோதித்ததில் கிடைத்தது 357,144 டாலர். அந்தப் பணத்தில் குற்றம் எதுவும் இல்லை. முறையாக வாங்கிய கடனை அடைக்கத்தான் கொண்டுபோனார் என்று விசாரணை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஏன் மறைத்தார் என்பதற்கும் விடை கிடைத்தது. சிரியாவில் ஆர்மீனியச் சிறுபான்மையினராக வளர்ந்த அவருக்கு அரசாங்க அதிகாரிகள் என்றாலே அச்சம். முழுத் தொகையையும் பறிக்க வேண்டும் என்று அமெரிக்க அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. குற்றத்தின் அளவுக்கு அது மிகையான தண்டனை என்று 1998 இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்ததால்தான் அவர் தப்பினார். ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். 2001 இல் அங்கே, அறிவிக்காமல் பெருந்தொகையை ஒளித்துக் கொண்டுபோவதையே கடத்தலாக்கிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதால், அந்தத் தீர்ப்பை நம்பி இன்று யாரும் துணிய முடியாது.

நாடுகள் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதற்கு, சித்தப்பாவின் பணக்கட்டுக்குள் இருந்த சில நோட்டுகளே விடை சொல்லும். 24,000 வெள்ளியில் ஆறு நோட்டுகள் ஆயிரம் வெள்ளி நோட்டுகள். சிங்கப்பூர் 2014 இல் பத்தாயிரம் வெள்ளி நோட்டையும், 2021 தொடக்கத்தில் ஆயிரம் வெள்ளி நோட்டையும் புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை இன்றும் செல்லும். பத்தாயிரம் வெள்ளி நோட்டில் நூறு தாள்களை அடுக்கினால் பத்து லட்சம் வெள்ளி. அது சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். போதைப்பொருள் பணமும் பயங்கரவாதத்துக்கான பணமும் இப்படித்தான் எல்லை தாண்டுகின்றன என்பதால், நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்ற பன்னாட்டு அமைப்பு 2004 இல் நோட்டுகளைச் சுமந்து செல்வோர் குறித்துத் தனிப் பரிந்துரையைக் கொண்டுவந்தது. அறிவிப்பு வரம்பு 15,000 டாலரையோ யூரோவையோ தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ, பிரிட்டனில் 10,000 பவுண்டு, ஜப்பானில் பத்து லட்சம் யென் என்று நாட்டுக்கு நாடு வரம்பு ஒட்டி ஒட்டி இருப்பதன் பின்னணி இதுதான். ஐரோப்பாவில் 2021 ஜூன் முதல், 90 சதவீதத்துக்குக் குறையாத தங்கம் உள்ள நாணயங்களையும் பணமாகவே கணக்கிடுகிறார்கள்.

திருச்சியில் 2024 ஜூனில்தான் பயன்பாட்டுக்கு வந்திருந்த புதிய முனையத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன் இறங்கினோம். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியதை நான் கவனித்தேன். கையைப் பிடித்து, அறிவிக்க வேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்கு அழைத்துப் போனேன். இளவயது அதிகாரி ஒருவர் படிவத்தைக் கொடுத்தார். நோட்டு வகை, எண்ணிக்கை, மொத்தம் என்று நிரப்பினோம். அவர் பணத்தை வாங்கி மேசையில் வைத்து, எங்கள் கண் முன்னாலேயே இரண்டு முறை எண்ணி, முத்திரை குத்திக் கையொப்பமிட்டு, எங்களுக்குரிய பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம் முழுவதும் சித்தப்பா மூச்சு விட்டாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும், "அவ்வளவுதானாப்பா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

அந்தப் படிவத்தின் பயன் விமான நிலையத்தோடு முடிந்துவிடவில்லை. வெளிநாட்டு நோட்டுகளை எல்லா வங்கிக் கிளைகளும் வாங்குவதில்லை; வாங்குகிற கிளையில் முதலில் கேட்டது அந்தப் பிரதியைத்தான். 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டுகளைக் கொடுப்பவரிடம் அது இல்லையென்றால் வங்கியும் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையும் வாங்கத் தயங்கும். அப்போது பணத்தோடு திரிகிறவர் உரிமம் இல்லாதவர்களிடம் போய், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். கள்ள நோட்டைத் தலையில் கட்டுவதும், பின்னால் வந்து மிரட்டுவதும் நடப்பது அங்கேதான்.

இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்கு விதிகள் வேறு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிப்பவர் ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டுகளாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் பொதுவாக வாங்க முடியும். மீதியை அட்டையிலோ வரைவோலையாகவோ கொண்டுபோக வேண்டும். ஹஜ் பயணிகளுக்கும் ஈரான், ரஷ்யா போன்ற சில நாடுகளுக்குச் செல்வோருக்கும் விலக்கு உண்டு. வாங்கிய ரசீதைக் கட்டாயம் உடன் வைத்திருக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளுக்குள் வங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும். இந்திய ரூபாயைப் பொறுத்தவரை, போகும்போதும் வரும்போதும் ஒருவருக்கு 25,000 ரூபாய்தான் வரம்பு. அறிவித்துவிட்டு அதிகமாகக் கொண்டுபோகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, ரூபாய்க்கு இருப்பது அறிவிப்பு வரம்பு அன்று, உச்சவரம்பு.

வரம்பை மீறிப் பிடிபட்டால் நடப்பது இதுதான். பணத்தை 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தின்படி கைப்பற்றி, சாட்சிகள் முன் மகஜர் என்னும் கைப்பற்றல் பதிவை எழுதி, வாக்குமூலம் வாங்குவார்கள். பயந்துபோய் அந்த நள்ளிரவில் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்தான் பின்னால் வழக்கு முழுவதும் உங்களோடு வரும். ஆகவே தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். காரணம் காட்டி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது.

எனக்கே நேர்ந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2019 இல் கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது, தெரிந்தவர் ஒருவர் தம் அண்ணன் குழந்தைகளுக்கு என்று ஒட்டுப்பட்டை போட்ட பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தார். பச்சை வழியாக நிம்மதியாக நடந்து வந்தேன். மறுநாள் வாங்க வந்த அண்ணன், என் வீட்டுத் திண்ணையிலேயே அதைத் திறந்து, மேலிருந்த இரண்டு அடுக்கு பிஸ்கட்டை எடுத்துவிட்டு, அடியிலிருந்து 30,000 ரிங்கிட்டை எண்ணினார். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் டாலருக்கு மேல். சோதனையில் அகப்பட்டிருந்தால், அது என் பணம் அன்று என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்று முதல், கொடுப்பவர் முன்னாலேயே திறந்து பார்க்காத எந்தப் பொட்டலத்தையும் நான் வாங்குவதில்லை. மனத்தாங்கல் வந்தால் வரட்டும்.

சென்ற மாதம், தேக்காவில் சித்தப்பாவோடு தங்கியிருந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்கு 15,000 வெள்ளியோடு வரப் போவதாகச் சொல்லி அவரை அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சித்தப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அங்கே இருபதாயிரத்துக்குக் குறைவு என்பதால் தெரிவிக்கத் தேவையில்லை, ஆனால் இங்கே கட்டாயம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, பணத்தைப் பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "வங்கிச் சீட்ட மடிச்சு நைஞ்சு போகவிடாத, ஒரு நகல் எடுத்து வச்சுக்க. இறங்குனதும் செவப்புப் பக்கம் போ. ஒண்ணும் பண்ண மாட்டாங்க, எண்ணிப் பாத்துட்டுக் குடுத்துருவாங்க" என்றார்.