மூன்று மாதத்துக்கு முந்தைய காலண்டரைப் பாருங்கள்

விந்துப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் பலரும் போன வாரத்தைத்தான் நினைத்துப் பார்க்கிறார்கள். சரியாகத் தூங்கவில்லையா, எதையாவது தப்பாகச் சாப்பிட்டோமா என்று. உண்மையில் புரட்ட வேண்டியது மூன்று மாதத்துக்கு முந்தைய காலண்டரை. ஒரு விந்தணு விரைக்குள் உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாள் ஆகிறது. பிறகு விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குழாயில் ஒன்றிரண்டு வாரம் தங்கித்தான் நீந்தும் திறன் பெறுகிறது. அதனால் இன்று காய்ச்சல் அடித்தால் அதன் அடி இரண்டு மூன்று மாதம் வரை எண்ணிக்கையில் தெரியலாம். இன்று சிகரெட்டை விட்டாலும் அதன் பலனைப் பார்க்க அதே அளவு பொறுக்க வேண்டும். பத்து நாளில் மறுபரிசோதனை செய்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று மனம் உடைவது வீண் வேதனை.

சூட்டிலிருந்து தொடங்கலாம். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காக. உடலின் உள்வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடப்பது, லேப்டாப்பை மடியிலேயே வைத்து வேலை செய்வது, இறுக்கமான உடையில் மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பது, உலைக்கு முன்னால் நிற்கும் வேலை எல்லாம் அந்த வித்தியாசத்தைக் குறைக்கின்றன. லேப்டாப்பை மேசைக்கு மாற்றுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். விரைப்பையில் ரத்த நாளம் புடைத்துச் சுருண்டிருந்தால் அது வேறு விஷயம். 'வேரிகோசீல்' எனப்படும் இந்த நாளப் புடைப்பு ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு உண்டு. உள்ளாடையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மிகவும் கவலைப்பட வைப்பது: ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மைக்கான ஹார்மோன்தானே, குழந்தைப் பேற்றுக்கும் உதவும் என்று நம்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், ரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறது என்று மூளை கணக்குப் போட்டு, விரைகளை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களின் சுரப்பை நிறுத்திவிடும். விந்தணு உருவாக விரைக்குள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. விரைகள் சொந்தமாகச் சுரப்பதை நிறுத்திவிட்டால் அந்த அளவு சரிந்துவிடும், டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் அதை ஈடுகட்ட முடியாது. எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பிவிடும், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை இந்த ஊசி வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஒரு தகவல் தெரியாமல் போனால் தேவையில்லாத பரிசோதனைகள் வரிசைகட்டும்.

புகையிலை இருவரையும் அடிக்கிறது. ஆணுக்கு எண்ணிக்கையும் நீந்தும் வேகமும் குறையும், விந்தணுவின் மரபுப்பொருளும் சிதையும். பெண்ணுக்கு இழப்பு இன்னும் கடுமை, ஏனென்றால் கருமுட்டை புதிதாக உருவாவதில்லை. பிறக்கும்போது இருக்கும் 10 முதல் 20 லட்சம், பூப்பெய்தும்போது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும், பிறகும் குறைந்துகொண்டேதான் போகும். புகைப்பவர்களுக்கு மாதவிடாய் நிற்பது 1 முதல் 4 ஆண்டு முன்னதாகவே வருகிறது. போன கருமுட்டை போனதுதான், ஆனால் நிறுத்திய நாளிலிருந்து மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

எடையில் இரு முனையும் ஆபத்து. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் கூடுதல் எடையும் சேர்ந்து மாதவிடாய் தவறுகிறவர்களுக்கு, உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பல நேரம் முட்டை வெளிவரத் தொடங்கிவிடும். 80 கிலோ என்றால் 4 முதல் 8 கிலோ. அதற்காகப் பட்டினி கிடந்து கடும் உடற்பயிற்சியும் செய்தால், கர்ப்பத்துக்கு இது நேரமில்லை என்று மூளை முட்டை வெளிவருவதையே நிறுத்திவிடும்.

ரசாயனங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படக் கூடாது. 1977இல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலைத் தொழிலாளர்கள், தங்களுக்குள் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை என்று தாங்களே கவனித்துச் சொன்னார்கள். சோதித்தபோது டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லி மருந்து பலரின் விந்தணுக்களை அழித்திருந்தது. சிலருக்கு அது திரும்பவே இல்லை, காரணம் விந்தணுவை உண்டாக்கும் மூலச் செல்களே செத்துவிட்டிருந்தன. பூச்சிக்கொல்லி, ஈயம், கரைப்பான்களோடு வேலை செய்கிறவர்கள் கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும், சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும், வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்ஃபினால் ஏ, தாலேட்டுகள் ஹார்மோன்களைக் குழப்பக் கூடியவை. உடலிலிருந்து பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியேறிவிடும் என்பதால், உள்ளே போவதைக் குறைத்தால் அளவும் சீக்கிரம் குறையும். சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் போடாமல் கண்ணாடிக்கோ எவர்சில்வருக்கோ மாறினால் போதும்.

மாத்திரை டப்பாக்களை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில் குழந்தைப் பேறு கூடவில்லை. பெண்ணுக்கு மட்டும் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கட்டாயம், கருத்தரிக்க முயல்வதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்தே. அது சிசுவின் தண்டுவடத்தைக் காப்பதற்காக.

நாள் கணக்கிலும் தவறு நடக்கிறது. கருத்தரிக்கக் கூடிய நாட்கள், முட்டை வெளிவரும் நாளோடு சேர்த்து அதற்கு முந்தைய ஐந்தும் ஆக ஆறு. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. ஆகவே 32 நாள் சுழற்சிக்கு 18ஆம் நாளை ஒட்டி, 14ஆம் நாளில் அல்ல. அந்த நாட்களில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்வது நல்லது. 'சேமித்து வைப்பதாக' வாரக்கணக்கில் விலகி இருந்தால் பழைய, சேதமான விந்தணுதான் கூடும். சாதாரண வழவழப்பு ஜெல்லும் உமிழ்நீரும் விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும்.

விந்துப் பரிசோதனைக்கு, கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். முதலில் வரும் துளியில்தான் விந்தணு அதிகம், அது சிந்திவிட்டால் ஆய்வகத்தில் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் அளவு, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. ஓராண்டுக்குள் தந்தையானவர்களில் 5 சதவீதம் பேர் இதற்கும் கீழேதான் இருந்தார்கள், ஆகவே இதற்குக் குறைந்தால் மலடு என்று அர்த்தமில்லை. ஒரே சோதனையை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஓராண்டு முயன்றும் ஆகவில்லை என்றால் இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போங்கள். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள், சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை செய்தவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். புற்றுநோய் சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள், முதல் மருந்து ஏறும் முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும்.