சக்கரவர்த்திக்குக் கிடைக்காத லைன் கிளியர்

ரயில்வே கண்ட்ரோல் அறையில் காலம் தள்ளியவர்களுக்கு வரலாற்றுப் புத்தகம் படிப்பதில் ஒரு தொல்லை உண்டு. ராஜா என்ன சொன்னார், தளபதி என்ன செய்தார் என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். அவர்கள் ஏறிய வண்டியை எந்த வழியில் விட்டார்கள், எங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள் என்றுதான் கண் தேடும். தென் மாவட்டங்களில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, ரஷ்யப் பேரரசு சரிந்த கதை இந்தத் தொல்லையால்தான் பிடிபட்டது.

எங்கள் வேலை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. காதில் ஹெட்போன், மேசையில் சார்ட். சார்ட்டில் ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் ஸ்டேஷன்கள். ஓடும் வண்டி ஒவ்வொன்றும் அதில் ஒரு சாய்கோடு. பெரிய மனிதர் யாராவது ஸ்பெஷல் வண்டியில் வருகிறார் என்றால் மேலிருந்து உத்தரவுக்கு மேல் உத்தரவு பறக்கும். ஆனால் கடைசியில் வண்டி நகர்வது, ஏதோ ஒரு சிறிய ஸ்டேஷனில் இருக்கும் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனிடம் லைன் கிளியர் (பாதை காலி, வண்டியை விடலாம் என்ற அனுமதி) கேட்டு, அவர் கொடுத்த பிறகுதான். அந்த மாஸ்டர் 'சரி சார்' என்று சொல்லாவிட்டால் என் சார்ட்டில் இருப்பது வெறும் பென்சில் கீறல்.

ரஷ்யச் சக்கரவர்த்தி ஜார் நிக்கோலஸின் அரசு இதை 1905-இலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஜனவரியில் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் மனு கொடுக்க வந்த தொழிலாளர் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜப்பானுடனான போரில் தோல்வி மேல் தோல்வி. செப்டம்பரில் மாஸ்கோ அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோப்பவர்கள், காற்புள்ளி முற்றுப்புள்ளிக்கும் சேர்த்துக் கூலி கொடு என்று வேலையை நிறுத்தினார்கள். அக்டோபர் 7 அன்று (அன்றைய ரஷ்ய நாட்காட்டி நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது, இங்கே எல்லாத் தேதியும் அதன்படியே) மாஸ்கோ–கசான் ரயில் பாதை நின்றது. சில நாட்களில் நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. பீட்டர்ஹாஃப் அரண்மனையில் இருந்த ஜாரைப் பார்க்க, அமைச்சர் விட்டே தலைநகரிலிருந்து நீராவிப் படகில் போக வேண்டியிருந்தது. ரயில்வேயை வளர்த்து, சைபீரியப் பாதைக்கு உயிர் கொடுத்த அமைச்சருக்கு ஏறிப்போக ஒரு ரயில் இல்லை! 17-ஆம் தேதி ஜாரின் அறிக்கை வந்தது: பேச்சுரிமை, கூட்டுரிமை, சட்டம் இயற்ற டூமா என்ற நாடாளுமன்றம்.

டிசம்பரில் மாஸ்கோவில் ஆயுதக் கிளர்ச்சி. அப்போது பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதை மட்டும் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. செமியோனோவ்ஸ்கி படைப்பிரிவு அதில்தான் வந்து இறங்கியது, கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஒரே ஒரு பாதை ஓடியது, அது போதுமானதாக இருந்தது.

வண்டிகள் ஓடத் தொடங்கியதும் கொடுத்தது திரும்பப் போனது. 1906 அடிப்படைச் சட்டத்தில் ஜார் எதேச்சாதிகாரியாகவே நீடித்தார். முதல் டூமா இரண்டரை மாதத்தில் கலைக்கப்பட்டது. இரண்டாவதும் கலைந்த கையோடு, 1907 ஜூனில் பிரதமர் ஸ்டோலிபின் தேர்தல் சட்டத்தையே மாற்றி விவசாயிகள், தொழிலாளர்களின் வாக்கு பலத்தை வெட்டினார். அவருடைய நிலச் சீர்திருத்தத்தைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். நெருக்கடியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆசுவாசமானதும் அழிக்கும் நிர்வாகத்தின் கையெழுத்தை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் அறையில் 1974 மே ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட மூத்தவர்கள் இருந்தார்கள். 20 நாளில் எதுவும் கிடைக்காமலே முடிந்துபோன போராட்டம் அது. ரஷ்யாவில் கிடைத்துப் பறிபோன கதையைச் சொன்னால், அது இன்னும் மோசம் என்பார்கள்.

1917 குளிர்காலத்துக்கு வருகிறேன். தலைநகரில் ரொட்டிக் கடைகளின் முன் பெண்கள் விடியுமுன்பே வரிசையில் நின்றார்கள். நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் போர்முனைக்கே வண்டிகள் போய்ச் சேர்ந்தன. போன வேகன் திரும்புவதில்லை. பழுதான எஞ்சின்கள் பணிமனைகளில் தேங்கின. போதாததற்குக் கடும் பனி. காலி வேகனுக்காக இரவெல்லாம் போனில் கெஞ்சிய எவருக்கும் இது புரியும். பிப்ரவரி 23, பெண்கள் தினத்தன்று நெசவாலைப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 27-ஆம் தேதி தலைநகரின் படைவீரர்களே கிளர்ச்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

ஜார் அப்போது மோகிலேவ் ராணுவத் தலைமையகத்தில். 28-ஆம் தேதி விடியற்காலையில் இரண்டு வண்டிகள் கிளம்பின. முன்னால் பரிவாரம், பின்னால் ஜார். கிளர்ச்சியை அடக்கப் போகும் ஜெனரல் இவானோவின் படைக்கு நேர்ப்பாதையை விட்டுவிட்டு, இவர்கள் வியாஸ்மா, பொலொகோயே வழியாகச் சுற்றிப் போனார்கள். காகிதத்தில் சரியான திட்டம்தான். அதே நாளில் பெட்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) புப்ளிக்கோவ் என்ற டூமா உறுப்பினர், சில வீரர்களோடு போய் ரயில்வே அமைச்சகத்தைக் கைப்பற்றினார். அவரும் ரயில்வே பொறியாளர். அரண்மனையைப் பிடிக்காமல் இதைப் பிடித்தாரே, அங்கேதான் தொழில் தெரிந்த ஆள்! ரயில்வேக்குத் தனித் தந்திக் கம்பி இருந்தது. டூமா ஆட்சிப் பொறுப்பை ஏற்றுவிட்டது என்ற செய்தி அந்தக் கம்பியில் நாட்டின் ஸ்டேஷன்களுக்கெல்லாம் போனது. கட் கட் என்று கருவி அடிக்க, தந்திக்காரர் எழுதி எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்திருப்பார். பழைய ஆட்சி முடிந்தது என்ற சேதி, அன்றாட ரயில் சேதிகள் வரும் அதே வழியில் வந்தது.

மார்ச் 1 பின்னிரவில் முதல் வண்டி மலாயா விஷேராவில் நின்றது. தலைநகருக்கு இன்னும் சுமார் 160 கிலோமீட்டர். முன்னால் உள்ள லியுபான், தோஸ்னோ ஸ்டேஷன்கள் கிளர்ச்சிக்காரர் கையில் என்று செய்தி. பின்னால் வந்த ஜாரின் வண்டியும் வந்து சேர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னார்கள். இரண்டு வண்டிகளும் வந்த வழியே திரும்பின. பொலொகோயே, த்னோ, மாலையில் ப்ஸ்கோவ். எந்த ஸ்டேஷனை வண்டி தாண்டியது என்ற தகவல் பெட்ரோகிராட் அமைச்சகத்துக்குத் தந்தியில் வந்துகொண்டே இருந்தது. கோடிக்கணக்கான வீரர்களுக்குத் தலைமைத் தளபதி, தன் வீட்டுக்குப் போக வழி கேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டிருந்தார். இவானோவ் தலைநகரை அடுத்த ஜார்ஸ்கோயே செலோ வரை வந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் பின்வாங்கினார். மறுநாள் போர்முனைத் தளபதிகளின் பதில்கள் தந்தியில் வந்தன: பதவி விலகுவதே வழி. இரவு, ரயில் பெட்டியிலேயே நிக்கோலஸ் கையெழுத்திட்டார். தம்பி மிகாயில் மறுநாள் அரியணையை ஏற்க மறுத்தார். 304 ஆண்டு ரோமானோவ் ஆட்சி அத்துடன் சரி.

ஆகஸ்டில், ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசின் தலைமைத் தளபதி ஜெனரல் கோர்னிலோவ் தலைநகர் மீது படையை அனுப்பியபோது, ரயில்வே ஊழியர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், வண்டிகளைத் தவறான பாதைகளில் திருப்பிவிட்டார்கள், நடுவழியில் நின்ற வீரர்களிடம் பேச ஆட்கள் போனார்கள், படை கரைந்தது. அந்த வெற்றி அவர்களுடைய சங்கத் தலைமைக்குத் தலைக்கேறியது என்றே நினைக்கிறேன். லெனினின் போல்ஷெவிக்குகள் அக்டோபரில் ஆட்சியைப் பிடித்ததும், எல்லா சோஷலிஸ்ட் கட்சிகளும் சேர்ந்த அரசு வேண்டும், இல்லாவிட்டால் ரயில்கள் நிற்கும் என்று அது 29-ஆம் தேதி கெடு வைத்தது. லெனினின் கட்சி பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பி நாட்களைக் கடத்தியது. கீழ்மட்ட ஊழியர்களில் பலர் தலைமையோடு இல்லை. ரயில்கள் நிற்கவில்லை.