மறுபயிற்சி அளிக்கப்பட்டது

ஒரகடம் பக்கத்தில், கார்களுக்கான வயரிங் ஹார்னஸ் (வண்டி முழுதும் மின்சாரம் கொண்டுபோகும் வயர்த் தொகுப்பு) தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாகப் பயிற்சித் துறையில் வேலை பார்க்கிறேன். இந்தக் காலத்தில் நான் மிக அதிகமாக எழுதிய வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: "சம்பந்தப்பட்ட ஆபரேட்டருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது." வாடிக்கையாளரிடமிருந்து குறை ஒன்று வந்தால் அதற்கு 8டி அறிக்கை அனுப்ப வேண்டும். பல துறையினர் ஒன்றாக உட்கார்ந்து சிக்கலை ஆராய்வதற்கென்று ஃபோர்டு நிறுவனம் 1987-இல் வகுத்த இந்த எட்டுப் படிகள் இன்று வாகன உதிரிபாகத் தொழில் முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் நோக்கம் குறையின் மூலகாரணத்தைத் தேடுவது. நடைமுறையில், காரணத்துக்கான கட்டத்தில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதப்படும், திருத்த நடவடிக்கைக்கான கட்டத்தில் என் வாக்கியம் வந்து உட்காரும், வருகைப் பதிவேட்டின் நகல் இணைக்கப்படும், அறிக்கை முடிந்துவிடும். அந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித் தருவதுதான் எங்கள் துறையின் பங்காக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான்கு மாதத்துக்குள் ஒரே குறை மூன்று முறை திரும்பி வந்தது. வயர்களை இணைக்கும் ஒரு கனெக்டர் பாதி பூட்டிய நிலையில் போயிருந்தது. கனெக்டரைப் பொருத்துவதில் மூன்று செயல்கள் உண்டு: தள்ள வேண்டும், பூட்டு விழும் "க்ளிக்" சத்தத்தைக் கேட்க வேண்டும், பிறகு லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். இதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிறோம். பூட்டு முழுதாக விழாவிட்டாலும் உள்ளே இருக்கும் உலோக முனைகளான டெர்மினல்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதால், லைனின் கடைசியில் இருக்கும் மின்சோதனைப் பலகையில் அது தேறிவிடும். வண்டி சாலையில் ஓடி அதிர்ந்த பிறகே கழன்றுகொள்ளும். மூன்று முறையும் அந்த லைனில் வேலை செய்த பெண்களைப் பயிற்சி அறைக்கு வரவழைத்தோம். மூன்று முறையும் அவர்கள் என் கண் முன்னால் ஒரு பிழையும் இல்லாமல் செய்து காட்டினார்கள். மூன்றாவது முறை நான் பதிவேட்டை நீட்டியபோது, ஒரு பெண் எதுவும் பேசாமல் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை எனக்கு உறுத்தியது.

மறுநாள் இரவு ஷிஃப்டில் அந்த லைனுக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர். நான் நிற்பது அவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது. முக்கால் மணி நேரம் போன பிறகு அவராகவே சொன்னார்: "சார், இங்க க்ளிக் சத்தமெல்லாம் கேக்காது சார். பூட்டு விழும்போது விரல் நுனியில ஒரு துடிப்பு வரும். அத வச்சுத்தான் நாங்க தெரிஞ்சுக்குறோம். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு அது பிடிபட ஒரு மாசம் ஆகும்." இழுத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். "லேசா இழுத்தா பாதி பூட்டுனதும் வராது சார். பலமா இழுத்தா வயர் போயிடும்னு லைன் லீடர் திட்டுவார்."

அவர் சொன்ன பிறகுதான் என் காதும் அதைக் கவனித்தது. நான்கு அடி தள்ளி, காற்றைப் பீய்ச்சி அச்சுகளைத் துடைப்பதற்கான ஏர் கன் சில விநாடிகளுக்கு ஒருமுறை சீறிக்கொண்டிருந்தது. லைனை மாற்றி அமைத்தபோது இடம் போதாமல் அதை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். குறைகள் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். பயிற்சி அறை ஏசி போட்ட, அமைதியான அறை. அங்கே க்ளிக் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். நாங்கள் மூன்று முறை அக்கறையோடு சொல்லிக்கொடுத்த பாடம், அவர்கள் வேலை செய்யும் இடத்தில் செல்லுபடியாகாத பாடம்.

ஏர் கன்னைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நகர்த்த உற்பத்திப் பிரிவுக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. விரல் நுனித் துடிப்பை வேலைக் குறிப்பில் சேர்த்து, பாதி பூட்டிய கனெக்டரையும் முழுதாகப் பூட்டிய கனெக்டரையும் புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பிரித்தறியும் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம். அந்தக் குறை அதன் பிறகு திரும்பி வரவில்லை.

இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் மூன்று முறை தங்கள் பெயருக்கு எதிராக "கவனக்குறைவு" என்ற சொல்லைச் சுமந்தார்கள். அதற்கான காகிதத்தைத் தயாரித்தவன் நான். அதனால்தான் பயிற்சித் துறை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதை அடியிலிருந்து யோசிக்க வேண்டியதாயிற்று.

எங்கள் துறை ஆர்டர் எடுக்கும் துறையாக இருந்தது என்பதே முதல் சிக்கல். ஒரு மேலாளர் "என் ஆட்களுக்குத் தரம் பற்றி ஒரு புரோகிராம் நடத்துங்கள்" என்பார். நாங்கள் தேதி, அறை, தேநீர், ஸ்லைடு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வோம். என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் வேலையைத் தட்டிக்கழிப்பதாக எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருந்தது. ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கப் பயிற்சி வல்லுநர் இதற்கு ஓர் எளிய கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறார்: உயிரே அதைப் பொறுத்தது என்றால் அந்த ஆளால் அந்த வேலையைச் செய்துவிட முடியுமா? முடியும் என்றால் குறை அவருடைய அறிவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அந்த வேறிடங்களை தாமஸ் கில்பர்ட் 1978-இல் வரிசைப்படுத்தினார்: ஆளுக்குச் சரியான தகவல் கிடைக்கிறதா, கருவியும் இடமும் வேலைக்கு ஏற்றவையா, சரியாகச் செய்வதால் அவருக்கு ஏதாவது கிடைக்கிறதா. இவற்றைப் பார்த்த பிறகே அறிவுக் குறைவைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் வாதம். எங்கள் கனெக்டர் இரண்டாவது இடத்திலேயே அகப்பட்டிருக்கும். பார்க்கத்தான் யாரும் போகவில்லை.

இரண்டாவது சிக்கல், எங்களை அளந்த அளவுகோல். ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு இத்தனை பயிற்சி நாள் என்று ஓர் இலக்கு இருக்கும். ஏப்ரலில் காலண்டர் போடுவோம். பிப்ரவரி வந்ததும் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதென்று பதறி, லைனிலிருந்து யாரை எடுக்க முடியுமோ அவர்களை அழைத்து உட்கார வைத்து நாட்களை நிரப்புவோம். வகுப்பு முடிந்ததும் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு நான்கரை வரும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையிடத்தில் அப்படி நடந்துகொள்கிறார்களா, விளைவு மாறியதா. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்களைப் போன்ற பல இடங்கள் முதல் நிலையிலேயே நின்றுவிட்டன. அதற்கான படிவம்தான் மாலை ஐந்து மணிக்குள் கைக்கு வந்துவிடுகிறது.

அந்த ஐந்து மணிப் படிவத்தை நான் நம்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் வெகுவாக முந்திவிட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே ஸ்லைடுகளைத் திரும்பக் காட்டும் எங்கள் ரெஃப்ரெஷர் வகுப்பு முதல் சாராரின் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த வகுப்புகளில் ஸ்லைடை நிறுத்திவிட்டோம். குறையுள்ள பத்துப் பாகங்களை மேஜையில் வைத்து, எது ஏன் தேறாது என்று அவர்களையே சொல்லச் சொல்கிறோம். முதல் அரை மணி நேரம் தடுமாறுகிறார்கள். படிவத்தில் மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, தேர்ந்த ஆட்கள் போதாமல் தொழிற்சாலைகள் திணறியபோது, 1940-இல் தொழிலகப் பயிற்சிக்கென்று ஓர் அரசுச் சேவையைத் தொடங்கியது. டிடபிள்யூஐ (Training Within Industry) என்று எங்கள் துறையில் அதைச் சொல்வோம். 1945-இல் அது முடிவதற்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமான மேற்பார்வையாளர்கள் சான்றிதழ் பெற்றார்கள். அவர்களுடைய பாடம் மொத்தமே பத்து மணி நேரம், இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் வேலை முறையில் கலந்தது.

அந்தப் பாடத்தின் முதல் அமர்வில் ஒரு முடிச்சு வரும். விளக்கு ஹோல்டருக்குள் வயர் இழுபட்டுக் கழன்றுவிடாமல் இருக்க எலக்ட்ரீஷியன்கள் போடும் முடிச்சு அது. பயிற்றுநர் ஒருவரை அழைத்து அதை வாயால் மட்டும் விளக்குவார். அவரால் போட முடியாது. இன்னொருவரை அழைத்து, பேசாமல் செய்து மட்டும் காட்டுவார், அவராலும் முடியாது. பிறகு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் செய்து, ஒவ்வொரு படியிலும் எந்த இடத்தில் கை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லி, பிறகு அவரையே செய்யவும் சொல்லவும் வைத்து, சரிவரும்வரை கூட இருப்பார். வயரோடு வாழும் எங்கள் தொழிற்சாலையில் நான் இதை மூத்த ஆபரேட்டர்களோடு செய்து பார்த்தேன். நான் விளக்கம் எதுவும் சொல்லாமலே அதன் பாடம் எல்லோருக்கும் விளங்கியது. அந்த முறையில் முக்கிய நுணுக்கம் என்று தனியே எழுதச் சொல்வதை நம் ஊரில் கைப்பக்குவம் என்போம். சமையலில் அதன் மதிப்பு நமக்குத் தெரியும். தொழிற்சாலையில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. விரல் நுனித் துடிப்பு ஐந்து ஆண்டுகளாக அந்த லைனில் வாய்மொழியாகவே இருந்திருக்கிறது.

வேலையும் கற்பதும் பிரியாமல் இருக்கும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அடிக்கடி சுட்டுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் வேலையோடு வேலையாகப் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்கு உதவிவரை அவர்களை நம்பி ஒப்படைக்கிறார்கள். ஒரு மருத்துவர் அத்தனை அறுவை சிகிச்சைகளைச் செய்ய முடிவது அந்தப் பெண்கள் இருப்பதால்தான். எங்கள் லைன்களிலும் அதே ஊர்களிலிருந்து, அதே வயதில், அதே படிப்போடு பெண்கள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பயிற்சிக் காலண்டரில் அவர்கள் பெயர் வருவதே இல்லை. பாதுகாப்பு வகுப்பு அரை நாள், அதன் பிறகு நேராக லைன். வாடிக்கையாளர் தொடும் பொருளை முதலில் தொடுகிற கை அவர்களுடையது. இதைவிட எனக்கு மன வருத்தம் தரும் விஷயம் என் வேலையில் வேறில்லை.

கடந்த ஒன்றரை ஆண்டில் செய்தவை சிறியவை. எங்கள் துறையில் இருக்கும் மூவரில் இருவரின் மேஜையை அலுவலகக் கட்டடத்திலிருந்து உற்பத்தி நடக்கும் ஷாப் ஃப்ளோருக்கு மாற்றினோம். யார் பயிற்சி கேட்டாலும், கேட்டவரோடு வேலையிடத்தில் ஒரு மணி நேரம் நின்ற பிறகே சம்மதம் சொல்கிறோம். வந்த கோரிக்கைகளில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மணி நேரத்திலேயே வேறு வடிவம் எடுத்துவிட்டன. ஒன்றில் விளக்கு மாற்றினோம், இன்னொன்றில் ஒரேபோல் இருந்த இரண்டு டப்பாக்களுக்கு வேறு நிறம் கொடுத்தோம். தணிக்கையாளர் ஆவணம் கேட்பாரே என்று தரப் பிரிவு பயந்தது. தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 கேட்பது திறனுக்கான சான்றை. எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மதிப்பிடுவதையும் அந்தத் தரநிலையின் அதே பகுதி கேட்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டியதும் சமாதானமானார்கள். ஸ்லைடும் வினாத்தாளும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் பத்து நிமிடத்தில் வந்துவிடுவதைப் பார்த்து என் இளைய சகா தன் வேலைக்கு ஆபத்து என்று பயந்தார். அவரைத்தான் முதலில் ஷாப் ஃப்ளோருக்கு அனுப்பினேன். இப்போது அவரைத் திரும்ப அழைத்தாலும் வரமாட்டார்.

மேலாளர்களுக்கான தலைமைத்துவ வகுப்புகளை என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. அவை பழைய மாதிரியே நடக்கின்றன.

நிறைவேறாமல் இருக்கும் இன்னொன்று பணம் சம்பந்தப்பட்டது. புதியவர்களுக்குக் கைப்பக்குவம் சொல்லித் தரும் ஆபரேட்டருக்கு, அந்த நாட்களில் உற்பத்தி எண்ணிக்கை குறைகிறது. குறைந்தால் ஊக்கத்தொகையும் குறைகிறது. சொல்லித் தருபவர் தன் பையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் இதற்கு அர்த்தம். கற்பிக்கும் நாட்களுக்கு எண்ணிக்கைத் தளர்வும், நாளொன்றுக்கு ஒரு சிறு படியும் கேட்டு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளருக்குப் படி கொடுக்க வழியில்லை என்று முதல் முறை பதில் வந்தது. இரண்டாம் முறை பதிலே இல்லை. திருவண்ணாமலைப் பெண் போன மாதம் நான்கு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய அந்த மாதச் சம்பளச் சீட்டை அவர் அனுமதியோடு நகல் எடுத்து, மூன்றாவது கடிதத்தோடு இந்த வாரம் இணைத்திருக்கிறேன்.