பற்றுச்சீட்டுக்குப் பிறகுதான் வேலை

யாழ்ப்பாணத்தில் காசு சேர்க்கத் தெரியாத சங்கம் இல்லை. கோயில் உபயம், சனசமூக நிலையக் கட்டடம், பழைய மாணவர் சங்கம் என்று கேட்டுப் பழகிய ஊர் இது. ஆனால் காசு வந்த கையோடு தந்தவரை மறந்துவிடுகிறோம். நிதி சேர்ப்பு ஆலோசகராக வர விரும்புகிறவர் கற்க வேண்டியது அந்த மறதிக்கான மருந்தைத்தான்.

முதலில் ஒரு எக்செல் தாள். பெயர், ஊர், இருக்கும் நாடு, எப்போது எவ்வளவு எதற்குத் தந்தார், யார் மூலம் வந்தார், கடைசியாக அவரோடு கதைத்தது யார். கடைசி நிரல் இல்லாவிட்டால் செயலாளரும் பொருளாளரும் ஒரே கிழமையில் ஒரே ஆளிடம் தனித்தனியாகக் கேட்பார்கள். அவர் இருவருக்குமே பதில் போடமாட்டார்.

50 இலட்சம் வேண்டுமென்றால், 500 பேரிடம் 10,000 படி வாங்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். 500 பேரைத் தொடர்வதற்கு ஆள் கிடையாது. 5 இலட்சம் தரக்கூடியவரும் பத்தாயிரத்தோடு நின்றுவிடுவார். 10 இலட்சம் ஒருவர், 5 இலட்சம் இருவர், 2 இலட்சம் ஐவர், ஒரு இலட்சம் பத்துப் பேர் என்று பிரியுங்கள். மீதி 10 இலட்சத்துக்குத்தான் 10,000 படி நூறு பேர். மேல்வரிசையில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று நான்கு பேரையாவது குறித்து வைக்க வேண்டும், எல்லாரும் ஓமென்று சொல்லமாட்டார்கள்.

காசு கேட்கும்போதே வரி விசயத்தையும் சொல்லிவிடுங்கள். பிரித்தானியாவில் வரி கட்டுபவர், அங்கே பதிவான அறக்கட்டளை ஊடாக கிஃப்ட் எய்ட் படிவம் நிரப்பி 100 பவுண் கொடுத்தால், அரசு இன்னும் 25 பவுணை அறக்கட்டளைக்குக் கொடுக்கும். கனடாவிலும் பதிவு பெற்ற அமைப்புத்தான் வரிப் பற்றுச்சீட்டு எழுதலாம். ஊர்ச் சங்கத்தின் கணக்குக்கு நேரே போடுபவருக்கு இரண்டும் இல்லை.

காசு வந்து இரண்டு நாளுக்குள் பற்றுச்சீட்டு, ஒரு கிழமைக்குள் தொலைபேசி அழைப்பு. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னே. இங்கே பின்னேரம் 5 மணிக்கு எடுத்தால் அங்கே காலை 7.30, வேலைக்கு ஓடுகிற நேரம். இங்கே காலை 6.30க்கு எடுத்தால் அங்கே முதல்நாள் இரவு 9 மணி, ஆறுதலாகக் கதைப்பார்.

மூன்று மாதத்துக்குள் ஒரு படம். பொன்னாடைப் படம் வேண்டாம். கிணற்றடியில் பூட்டிய மோட்டரின் படமும், கீழே இப்படி ஒரு செய்தியும் போதும்: "அண்ணை, மோட்டர் பூட்டியாச்சு. 68,000 முடிஞ்சுது, 7,000 மிச்சம் கிடக்கு. குழாய்க்குப் பாவிக்கலாமோ?" மிச்சக் காசுக்கும் அனுமதி கேட்கிறவர்களிடம் அடுத்த முறை எவரும் கணக்குக் கேட்டு இழுத்தடிப்பதில்லை. பிள்ளைகளின் படமென்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அனுப்பவே கூடாது.

உங்கள் கூலியைச் சேரும் காசில் இத்தனை வீதம் என்று பேசாதீர்கள். அமெரிக்காவின் நிதி சேர்ப்பாளர் சங்கமான ஏ.எஃப்.பி.யின் ஒழுக்கக் கோவையும் அதைத் தடுக்கிறது. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கென்று ஒருவர் அனுப்பிய ஒரு இலட்சத்தில் பத்தாயிரம் ஆலோசகருக்குப் போனது தெரிந்தால், அவரோடு அவருடைய வட்ஸ்அப் குழுவே விலகிவிடும். மாதக் கட்டணமோ மொத்தக் கட்டணமோ, வேலை தொடங்க முன்னமே எழுத்தில் வாங்கி, நிர்வாகக் கூட்ட அறிக்கையிலும் பதியச் சொல்லுங்கள்.